வழி கேட்டு ஜெபித்தபின் செய்யவேண்டியவை

ஊழியப் பயணத்துக்குக் கிளம்பும் எந்தக் குழுவும் ஜெபிக்காமல் கிளம்புவதில்லை. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே ஓர் உபவாசக் கூட்டம் நடந்திருக்கும். ரயில் நடைமேடையில் பெட்டிகளை நடுவில் வைத்து வட்டமாக நின்று ஒரு ஜெபம், போய் இறங்கிய ஊரில் விடிகாலை ஐந்து மணிக்கு இன்னொன்று. ஆகவே ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பது இந்த அத்தியாயத்தின் வேலை இல்லை. ஜெபம் முடிந்து முழங்காலிலிருந்து எழும்போது குழுவில் ஒருவர், "நாளைக்கு மலைமேல இருக்கிற அந்தக் கிராமத்துக்குத்தான் போகணும்னு கர்த்தர் உணர்த்திட்டார்" என்கிறார். அந்தப் பேச்சுக்கும் மறுநாள் காலை ஜீப் ஏறுவதற்கும் நடுவில் குழு என்ன செய்யவேண்டும் என்பதே இங்கே கேள்வி. பல குழுக்கள் "ஆமென்" சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுகின்றன. சில குழுக்கள் சிரித்து மழுப்பிவிட்டு, தலைவர் ஏற்கெனவே போட்டுவைத்த அட்டவணைப்படியே நடக்கின்றன. இரண்டுமே ஜெபத்தை மதிக்காத நடத்தை என்பது என் கருத்து. ஜெபத்தில் கிடைக்கும் நடத்துதலை நம்பிப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அதற்காக யாரெல்லாம் விலை கொடுக்க நேரிடுமோ, அவர்கள் முன்னால் அதை வைத்துச் சோதித்துவிட்டுப் போகவேண்டும்.

வேதாகமத்திலிருந்தே தொடங்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் வரும் மக்கெதோனியா தரிசனத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத சபையார் இருக்கமாட்டார்கள். தரிசனத்துக்கு முந்திய வசனங்கள்தான் அதிகம் பேசப்படுவதில்லை. பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் ஆசியாவில் வசனம் சொல்லத் தடுக்கப்படுகிறார்கள். பித்தினியாவுக்குப் போக முயல்கிறார்கள், அங்கேயும் வழி அடைபடுகிறது. மீசியாவைக் கடந்து கடற்கரை ஊரான துரோவாவுக்கு வந்த பிறகே அந்த இரவுத் தரிசனம். முயன்று பார்த்ததும் தடைபட்டதும் நடத்துதலின் பகுதிகளாகவே அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. தரிசனம் பவுல் ஒருவருக்குத்தான் வருகிறது. அதன் பொருள் இன்னதென்று முடிவுசெய்து கப்பல் ஏறுவது குழு. பிலிப்பியில் இறங்கினால், தரிசனத்தில் கூப்பிட்ட மக்கெதோனிய ஆணைக் காணோம். ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்கள்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்களில் விசுவாசித்த லீதியாளோ தியத்தீரா ஊராள், அதாவது போகக்கூடாதென்று தடுக்கப்பட்ட அதே ஆசியாவைச் சேர்ந்தவள். சில நாட்களில் பவுலும் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடக்கிறார்கள். நடத்துதல் சரியாக இருந்தால் பயணம் சுகமாக இருக்கும் என்றோ, கண்ட காட்சி அப்படியே எழுத்துப் பிசகாமல் நடக்கும் என்றோ இந்த அதிகாரத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் 13-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை இருக்கிறது. பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானான லூகி, மனாயீன், சவுல் என்று ஐந்து பேர் உபவாசித்து ஆராதிக்கும்போது கட்டளை வருகிறது. வந்தவுடன் மூட்டை கட்டவில்லை. மறுபடி உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்து அனுப்புகிறார்கள். 15-ஆம் அதிகாரத்து எருசலேம் ஆலோசனைச் சங்கமோ நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, தங்கள் முடிவைப் பரிசுத்த ஆவிக்கும் தங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதி அனுப்புகிறது. விவாதம் நடந்ததால் ஆவியானவரின் பங்கு குறைந்துவிட்டதாக அங்கே யாரும் நினைக்கவில்லை. நம் சபைகளில் ஜெபக்கூட்டம் ஒரு நாள், கமிட்டிக் கூட்டம் வேறொரு நாள். இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்ப்பதே இல்லை.

எஸ்றாவையும் நெகேமியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பயணக் குழுக்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம் கிடைக்கும். அர்தசஷ்டா ராஜாவின் 7-ஆம் வருஷத்தில் எஸ்றா பெரிய கூட்டத்தோடு எருசலேமுக்குக் கிளம்புகிறார். தேவனுடைய கரத்தைப் பற்றி ராஜாவிடம் பெருமையாகப் பேசிவிட்டபடியால், வழிக்காவலுக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்படுகிறார். அகாவா நதிக்கரையில் உபவாசம் அறிவித்து, காவலில்லாமலே புறப்படுகிறார். 13 வருஷம் கழித்து அதே ராஜாவின் அரண்மனையிலிருந்து நெகேமியா அதே எருசலேமுக்குப் போகிறார். மாதக்கணக்கில் ஜெபித்தவர்தான். ஆனாலும் மரம் வாங்கக் கடிதம் கேட்கிறார், எல்லை கடக்கக் கடிதம் கேட்கிறார், படைத்தலைவர்களும் குதிரைவீரர்களும் கூட வருகிறார்கள். இருவருமே தேவனுடைய நல்ல கரம் தங்கள்மேல் இருந்ததென்றுதான் எழுதுகிறார்கள். காவலர் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற விஷயத்தில் ஜெபித்த இருவர் இரண்டு விதமாக நடத்தப்படலாம் என்பதை இதிலிருந்து ஏற்றுக்கொள்ளலாம். காணிக்கை விஷயத்தில் எஸ்றா செய்ததைக் கவனியுங்கள். 650 தாலந்து வெள்ளியும் 100 தாலந்து பொன்னும் பன்னிரண்டு ஆசாரியர் கையில் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. எருசலேமில் சேர்ந்த நான்காம் நாள் மறுபடி நிறுத்து, எடையெல்லாம் எழுதிவைக்கப்படுகிறது. காவலைத் தேவனிடம் விட்ட அதே மனிதர் தராசை விடவில்லை. தன் உயிரைப் பற்றி விசுவாசத்தால் துணிந்தார். மற்றவர்கள் கொடுத்த பொருளைப் பற்றி அப்படித் துணிய அவருக்கு உரிமையில்லை என்று தெரிந்திருந்தது. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவது இந்த வேறுபாட்டைத்தான். ஊழியக் காணிக்கைக்குக் கணக்கு கேட்டால் 'விசுவாசக் குறைவு' என்று முகம் சுளிக்கும் தலைவர்கள் எஸ்றா 8-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கட்டும்.

நம் கடற்கரையிலேயே நடந்த ஒன்றையும் பார்க்கவேண்டும். 1542-இல் கோவாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1545-இல், அடுத்து எங்கே போவது என்ற கேள்வியோடு நாகப்பட்டினம் வழியாக மயிலாப்பூர் சாந்தோமுக்குப் போய், தோமாவின் கல்லறை அருகே ஏறக்குறைய நான்கு மாதம் தங்கி ஜெபித்தார். கிழக்கே மக்காசாருக்குப் போவதே தேவசித்தம் என்ற நிச்சயமும் உள்ளத்தில் ஆறுதலும் கிடைத்ததாக மே மாதத்தில் கோவாவிலிருந்த தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது போவதாகவும், அதுவும் இல்லாமல் ஒரு கட்டுமரம்தான் கிடைத்தாலும் நம்பிக்கையோடு அதில் ஏறுவதாகவும் அந்தக் கடிதம் சொல்கிறது. அவ்வளவு உறுதி. செப்டம்பரில் மலாக்கா சேர்ந்தார். அங்கே மக்காசார் பற்றிய செய்திக்காகக் காத்திருந்தார், எதிர்பார்த்த செய்தி வரவில்லை. 1546 தொடக்கத்தில் அம்போன் தீவுக்குக் கப்பல் ஏறினார். மக்காசாரில் அவர் கால் வைக்கவே இல்லை. பின்னால் மலாக்காவில் சந்தித்த ஒரு ஜப்பானியர் மூலம் வேறொரு வாசல் திறந்து 1549-இல் ஜப்பான் போனார். 1552-இல் சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது கரையோரத் தீவொன்றில் இறந்தார்.

சாந்தோமில் அவருக்குக் கிடைத்தது பொய்யான நடத்துதலா? 'கிழக்கே போ' என்ற அளவில் அது மெய்யாயிற்று. 'மக்காசாருக்கு' என்ற அளவில் அது அவருடைய வாசிப்பு, அந்த வாசிப்பு தவறிற்று. ஜெபத்தில் வரும் உணர்த்துதலில் இந்த இரண்டும் கலந்தே வருகின்றன, பெறுகிற நேரத்தில் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. சவேரியார் அதைச் சமாளித்த விதம்தான் பின்பற்றத் தக்கது. தான் பெற்றதாக நினைத்ததைத் தேதியோடு எழுதித் தோழர்களுக்கு அனுப்பிவிட்டார். அந்த இடத்துச் செய்திக்காகக் காத்திருந்தார். செய்தி வராதபோது, கடிதத்தில் கட்டுமரம் என்றெல்லாம் எழுதிவிட்டோமே என்று வீம்புக்காக மக்காசாருக்கே போகவில்லை. ஏமி கார்மைக்கேலின் பாதையும் இப்படித்தான். 1893-இல் ஜப்பான் போனார், உடல்நிலை கெட்டது. இலங்கைக்கு வந்தார், தாயகம் திரும்பினார், 1895-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாய்ப் பெண்களுக்குச் சுவிசேஷம் சொல்வதே அவர் திட்டம். 1901-இல் கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் சேர்ந்தபின் டோனாவூர் இல்லம் உருவாயிற்று. அவர் பெயரை நிலைநிறுத்திய வேலை, அவர் முதலில் வழி கேட்டு ஜெபித்த எதிலும் இல்லாத வேலை.

காலத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் தகப்பனாரோடு தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியரைக் காப்பாற்றக் கேட்டார்கள். ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்றார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவின் ஜெபத்தில்தான் தன் அழைப்பு வந்ததாக ஐடா சொன்னார். பிரசங்கத்தில் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். அழைப்பு கிடைத்த மறுநாள் அவர் பிரசவம் பார்க்கக் கிளம்பவில்லை. அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல் தொடங்கியது. அழைப்பின் உறுதி படிப்பின் அவசியத்தைக் குறைக்கவில்லை. இரண்டு வாரப் பயணத்தில் மருத்துவ முகாம் நடத்தப் போகும் குழு, பட்டம் பெறாத இளைஞர் கையில் ஊசியைக் கொடுத்து 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொன்னால், விலை கொடுப்பது அந்த இளைஞர் அல்ல, ஊசி போட்டுக்கொள்பவர்.

சோதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபகாலத்தில் மூன்று சம்பவங்கள் உலகறிந்தவை. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் பூகம்பம். அமெரிக்காவிலிருந்து போன பத்துப் பேர் கொண்ட ஒரு பாப்டிஸ்ட் குழு, 33 பிள்ளைகளை முறையான தாள்களில்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குள் கொண்டுபோக முயன்று, அதே மாதம் 29-ஆம் தேதி எல்லையில் கைதானது. தேவன் அனுப்பியே வந்தோம் என்றார்கள், அதில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அநாதைகள் என்று அவர்கள் எண்ணிய பிள்ளைகளில் பலருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். 2007 ஜூலையில் தென்கொரியச் சபை ஒன்றின் 23 பேர் ஆப்கானிஸ்தானில் காபூலிலிருந்து காந்தகாருக்குப் பேருந்தில் போகும்போது தாலிபான்களால் கடத்தப்பட்டார்கள். இருவர் கொல்லப்பட்டார்கள். மற்றவர்களை விடுவிக்கக் கொரிய அரசு நேரடியாகப் பேச்சு நடத்தி, அந்நாட்டில் கொரியக் கிறிஸ்தவ ஊழியம் நிறுத்தப்படும் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர், சட்டப்படி யாரும் நெருங்கக்கூடாத வடக்கு சென்டினல் தீவில் இறங்கி உயிரிழந்தார். அவரை ஜெபிக்காதவர் என்றோ ஆயத்தமில்லாதவர் என்றோ சொல்ல முடியாது. தடுப்பூசி போட்டுக்கொண்டார், நோய் பரப்பிவிடக்கூடாதென்று தனித்தும் இருந்தார். ஆனாலும் வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியில்லாத அந்தத் தீவு மக்களுக்கு அவர் வருகை ஆபத்தாகவே இருந்தது, படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள். மூன்றிலும் ஜெபத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகளின் பெற்றோர், அந்நாட்டில் வேலை செய்ய நினைத்த மற்ற ஊழியர்கள், மீனவரின் குடும்பம் என்று யார்மேல் சுமை விழுந்ததோ, அவர்களில் ஒருவர்கூட முடிவெடுத்த அறையில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "இப்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆவியானவரை அவித்துப்போடுவது ஆகாதா? சோதிப்பது சந்தேகத்தின் வேலை அல்லவா?" தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஆவியை அவித்துப்போடாதிருக்கச் சொல்கிற பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு அவற்றுக்குள் பகை தெரியவில்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள். சோதிக்கப்படுவதை விரும்பாத உணர்த்துதலில் பெரும்பாலும் மனிதருடைய அவசரம் கலந்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. "ஹட்சன் டெய்லர் இப்படியெல்லாம் யோசித்திருந்தால் சீனாவுக்குப் போயிருப்பாரா?" 1865 ஜூன் 25 அன்று பிரைட்டன் கடற்கரையில் அவர் 24 ஊழியர்களைக் கேட்டு ஜெபித்தது எல்லாரும் சொல்லும் கதை. அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. சீனத்தின் வரைபடத்தைச் சுவரில் மாட்டிவைத்து மாகாணம் மாகாணமாகத் தகவல் சேகரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஊழியர் இல்லாத மாகாணங்கள் 11, அவற்றோடு மங்கோலியா, ஒவ்வொன்றுக்கும் இருவர் என்பதே அந்தக் கணக்கு. சேகரித்ததை அதே ஆண்டு புத்தகமாகவும் வெளியிட்டார். ஆகவே டெய்லரை 'யோசிக்காமல் விசுவாசித்தவர்' பட்டியலில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனாலும் மறுப்பின் பாதி அப்படியே நிற்கிறது. அவர் பயணத்தின் விலையை மற்றவர்களும் கொடுத்தார்கள். மனைவி மரியா 1870-இல் சீனாவிலேயே இறந்தார், பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். 1900-இல் பாக்ஸர் கலகத்தில் அவருடைய மிஷனைச் சேர்ந்த பெரியவர்கள் 58 பேரும் பிள்ளைகள் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். பெரியவர்கள் அறிந்தே போனவர்கள், பிள்ளைகள் அப்படிப் போனவர்கள் இல்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. மிஷன் பின்னால் சீன அரசிடம் நஷ்டஈடு வாங்க மறுத்தது என்பதை மட்டும் குறிப்பிடலாம். தங்கள் முடிவின் சுமையை மறுபடி சீன ஜனங்களின் தலையில் ஏற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்திலும் இதே கேள்விதான்: தீரு பட்டணத்துச் சீஷர்கள் ஆவியின் ஏவுதலாலே பவுலை எருசலேமுக்குப் போகவேண்டாம் என்கிறார்கள், அகபு பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக் காட்டுகிறார், பவுல் போகத்தான் செய்கிறார். அங்கே கட்டப்படப்போவது அவருடைய கைகள். தன் கையைக் கொடுப்பவருக்கு உள்ள சுதந்தரம், அடுத்தவர் கையைக் கொடுப்பவருக்கு இல்லை.

அடையாளம் கேட்கும் வழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிதியோனின் தோலை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். கிதியோனுக்குக் கட்டளை முன்பே தெளிவாகக் கொடுக்கப்பட்டுவிட்டது, தோல் அவருடைய பயத்துக்கு இரங்கிக் கிடைத்தது. வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டையை எடுப்பது ஆறுதலான வழக்கம். அந்த அட்டையில் வடதிசை என்று வந்ததால் ராஞ்சிக்குப் பயணச்சீட்டு எடுப்பது வேறு காரியம். மொரேவியச் சபையார் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் அச்சிட்டு வருகிறார்கள். 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள் அவர்கள். மிஷன் காரியங்களுக்கும் திருமணங்களுக்கும்கூட ஒருகாலத்தில் சீட்டுப் போட்டு முடிவெடுத்த அந்தச் சபையே 19-ஆம் நூற்றாண்டில் சீட்டைப் படிப்படியாகக் கைவிட்டது. தினவசனத்தை இன்றும் விடவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்பதற்கு அவர்கள் அனுபவமே போதும்.

இனி நடைமுறை. குழுவாக ஜெபித்தபின் வயதில் இளையவரை முதலில் பேசச் சொல்லுங்கள். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், நல்லதைக் கர்த்தர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பதால் எல்லாரையும் ஆலோசனைக்கு அழைக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார். நம் ஊரில் இதன் தேவை அதிகம். போதகர் ஐயாவோ மூத்த அண்ணனோ வாய் திறந்துவிட்டால், அதன்பிறகு எந்தத் தங்கச்சியும் "எனக்கு அப்படித் தோணலையே" என்று சொல்லப்போவதில்லை. அதேபோல, "கர்த்தர் சொன்னார்" என்று பேச்சைத் தொடங்குவதைக் குழு மட்டில் தவிர்த்துக்கொள்ளுங்கள். "எனக்கு இப்படி ஓர் உணர்த்துதல், நீங்களும் ஜெபித்துச் சொல்லுங்கள்" என்றால் மற்றவர்கள் பதில் சொல்ல முடியும். முதல் விதமாகச் சொன்னபின் எதிர்த்துப் பேசுகிறவர் கர்த்தரை எதிர்ப்பவராகத் தெரிவார். அடுத்து, பணித்தளத்துச் சபையாரைக் கேளுங்கள். நீங்கள் போய் மூன்று நாளில் திரும்பிவிடுவீர்கள், அங்கேயே குடியிருக்கும் விசுவாசிகள்தான் மறுநாள் பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்லவேண்டும். உங்களுக்கு உணர்த்தப்பட்ட மலைக்கிராமத்துக்கு இப்போது போகவேண்டாம் என்று உள்ளூர் ஊழியர் சொன்னால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் ஜெபிக்கிறவர்தான், உங்களைவிட அதிக நாள் அந்த ஊருக்காக ஜெபித்தவர்.

சட்டம் ஜெபத்தில் வைத்துக் கேட்கவேண்டிய விஷயமே இல்லை. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போவதற்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் மதமாற்றம் பற்றிய சட்டங்கள் வந்தன, வேறு பல மாநிலங்களிலும் இப்போது இருக்கின்றன. அந்தச் சட்டங்கள் நியாயமா என்று வாதாடலாம், அது வேறு மேடை. பயணக் குழு அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போய் மாட்டினால் உங்களுக்குச் சென்னைக்கு ரயில் இருக்கிறது. வீடு கொடுத்து உட்காரவைத்த குடும்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகளைத் தொடும் எதையும் பெற்றோர் சம்மதமில்லாமல் செய்யலாமா என்று கேட்டு ஜெபிக்கவும் அவசியமில்லை.

ஒரு குறிப்பேடு வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். என்ன கேட்டு ஜெபித்தோம், யாருக்கு என்ன தோன்றியது, யார் ஒத்துக்கொண்டார், யார் தயங்கினார் என்று அன்றைக்கே தேதி போட்டு எழுதவேண்டும். என்ன நடந்தது என்பதைப் பிறகு எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். நடந்து முடிந்தபின் எழுதினால், எல்லா உணர்த்துதலும் பலித்ததாகவே நினைவு காட்டும். மனித நினைவின் பழக்கம் அது, ஊழியக்காரருக்கும் விலக்கில்லை. எல்லாம் உங்கள் மனதின் குரல்தான், அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லும் விமர்சகருக்கும் இந்த நோட்டைத் தைரியமாகக் காட்டலாம். அவர் நம்பாமல் போகலாம். குறைந்தபட்சம் நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொள்ளவில்லை என்பதாவது தெரியும். பொருந்தாமல் போனவற்றை அடிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள், அடுத்த வருஷக் குழுவுக்கு அவைதான் அதிகம் பயன்படும்.

உடம்பையும் மறக்கவேண்டாம். மே மாத ஒடிசா வெயிலில் மூன்றாம் நாள் உபவாசத்தின் முடிவில் எடுக்கும் தீர்மானத்தை, சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபின் இன்னொரு முறை பாருங்கள். மனம் சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி. 1523-இல் எருசலேமிலேயே தங்கிவிடுவது தேவசித்தம் என்ற உறுதியோடு போனவர் அவர். அங்கிருந்த பிரான்சிஸ்கன் தலைவர் ஆபத்து கருதிப் போகச் சொன்னதும், விருப்பமில்லாவிட்டாலும் கீழ்ப்படிந்து திரும்பினார். அப்படித் திரும்பியவர் தொடங்கிய சபைதான் பின்னால் சவேரியாரை இந்தக் கரைக்கு அனுப்பியது. நெருக்கடியில் இவ்வளவும் யோசிக்க நேரம் ஏது என்று கேட்பீர்கள். நெகேமியா ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் ஒரு நொடி ஜெபித்தார். அந்த நொடி ஜெபத்துக்குப் பின்னால் கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் வரைக்குமான ஆயத்தம் இருந்தது. எப்போது கூட்டத்தை நிறுத்துவது, எப்போது ஊரைவிட்டுக் கிளம்புவது, யார் பேச்சு இறுதி என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், கல் விழும் நேரத்தில் கூடி ஜெபிக்க நேரமில்லாவிட்டாலும் குழு சிதறாது.

கடைசியாக, வீட்டிலிருந்து ஜெபிக்கிறவர்களைப் பற்றி. தமிழ்நாட்டு மிஷனெரி இயக்கங்கள் பல, ஊர் ஊராகக் கூடிய சிறு ஜெபக்குழுக்களின் தோளில் எழுந்தவை. பிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் (எப்.எம்.பி.பி.) தன் பெயரிலேயே அதை வைத்திருக்கிறது. அவர்களுக்குச் செய்தி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் முன்பு அஞ்சலட்டையில் போன ஜெபக்குறிப்பு இன்று வாட்ஸ்அப்பில் போகிறது, பத்து நிமிடத்தில் முகம் தெரியாத நூறு குழுக்களுக்குப் பகிரப்படுகிறது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரின் பெயர், ஊர், படம் மூன்றையும் சேர்த்து 'ஜெபியுங்கள்' என்று அனுப்பினால், உங்கள் சபையார் கண்ணீரோடு ஜெபிப்பார்கள், அவருடைய ஊரில் யாரோ ஒருவர் அதே படத்தை வேறு காரணத்துக்காகச் சேமித்துக்கொள்வார். பெயரும் படமும் இல்லாமலே எழுதுங்கள். யாருக்காக ஜெபிக்கிறோம் என்பது தேவனுக்குத் தெரியும். அவரைத் தவிர வேறு யாருக்கெல்லாம் தெரியவேண்டும் என்பதை அந்தப் புதிய விசுவாசியைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.